மாதா பள்ளிக்கூடத்தின் வருகிற ஆண்டு

(சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், 2025 ஒக்ரோபரில், விசுவமடுவில் ஆரம்பப்பிரிவு ஆசிரியையாகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்து மேடையில் நான் கடைசியாக ஏறியது ஒன்பதாம் வகுப்பில். நாடகத்தில் மரமாக நின்றேன். வசனம் இல்லை. இன்று செயலாளர் அக்கா இருபது நிமிடம் தந்திருக்கிறார். மரமாக நின்றபோது இருந்த துணிவு இப்போது இல்லை.

நூற்றாண்டுப் பணியாக நான் படிப்பிக்கும் சின்னப் பாடசாலையைச் சங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முதலில் எங்கள் அதிபரின் சார்பிலும் பிள்ளைகளின் சார்பிலும் நன்றி சொல்கிறேன். "வருகிற வருடம் அங்கே படிப்பிலும் சமயத்திலும் என்னென்ன செய்யப் போகிறீர்கள், வந்து சொல்லுங்கோ" என்பது செயற்குழுவின் கட்டளை. சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் தேநீருக்குப் பிறகு நூற்றாண்டு நிதியைப் பற்றி ஒரு பிரேரணை வரப்போகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அட்டவணையை மட்டும் வாசித்துவிட்டு இறங்க முடியவில்லை.

வெளிநாடுகளிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இடத்தைச் சொல்கிறேன். ஆனையிறவு கடந்து பரந்தன் சந்தியில் இடப்பக்கம் முல்லைத்தீவு வீதியில் திரும்பினால், தருமபுரம் தாண்டி வருவது விசுவமடு. அதற்கப்பால் உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வீதி கடலுக்குப் போகிறது. குளம், வயல், கச்சான் தோட்டம், தென்னை. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்துப் போன குடும்பங்கள், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், போரில் நாலைந்து தரம் இடம்பெயர்ந்து கடைசியில் அங்கேயே நின்றுவிட்ட குடும்பங்கள், எல்லோரும் கலந்த ஊர்.

எங்கள் பாடசாலையை ஊரார் "மாதா பள்ளிக்கூடம்" என்பார்கள். சட்டப்படி அது அரசாங்கப் பாடசாலை. இளைய தங்கைமார் சிலர் இதை என்னிடம் கேட்டார்கள். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. நமது கன்னியர்மடம் போன்ற சில பாடசாலைகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றுகொண்டன. ஊர்களில் இருந்த சின்னப் பள்ளிக்கூடங்களால் அப்படி நிற்க முடியவில்லை. பெயர்ப்பலகையில் "றோ.க.த.க. பாடசாலை" என்ற எழுத்துகள் மட்டும் பல இடங்களில் மிஞ்சின. எங்கள் பலகையில் அந்த எழுத்துகளும் இல்லை. பக்கத்தில் சிற்றாலயம் இருக்கிறது, அதன் வேப்பமர நிழலில் ஒருகாலம் வகுப்பு நடந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. நூறுக்குக் குறைந்த பிள்ளைகள், ஐந்தாம் தரம் வரை. நாலில் ஒரு பங்குதான் கத்தோலிக்கப் பிள்ளைகள், மற்றவர்கள் சைவப்பிள்ளைகள். அதிபர் சைவர். நத்தார் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருவதில் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

சமயபாட நேரம் வந்தால் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். சைவப்பிள்ளைகள் மண்டபத்தில், எங்கள் பிள்ளைகள் மரத்தடியில். அரசாங்கம் இரண்டு சமயத்துக்கும் புத்தகம் இலவசமாகத் தருகிறது. முதல்நன்மை ஆயத்தமும் மறைக்கல்வியும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஆலயத்தில். இவ்வளவும்தான் "கத்தோலிக்கப் பாடசாலை" என்று நாங்கள் சொல்லிக்கொள்வது.

இனி ஒரு கதை. இதைச் சொல்லாமல் வருகிற வருடத்துத் திட்டம் உங்களுக்கு விளங்காது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஒளிவிழா வெகு சிறப்பாக நடந்தது. வெளிநாட்டிலிருந்து நலன்விரும்பிகள் வருகிறார்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பழக்கம் தொடங்கினோம். காலைப் பாடங்களில் பாதி அதிலேயே போனது. விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். அதுவரை தேவதூதர்கள் வெயிலில் நின்றார்கள், செட்டைகள் சரிந்துவிட்டன. குறையை விருந்தினர்மேல் போடவில்லை. அப்படி ஒரு விழாவை ஒழுங்குசெய்தவர்கள் நாங்கள். ஒழுங்கமைப்புக் குழுவில் நானும் ஒருத்தி.

நாலாந் தரப் பையன் ஒருவன் லூக்கா நற்செய்தியில் இடையர்கள் வருகிற பகுதியை வாசிக்க வேண்டும். அவசரத்தில் நான் அவன் கையில் தாளைத் திணித்து மேடைக்குத் தள்ளிவிட்டேன். ஒரு எழுத்துப் பிசகாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, கணீரென்று வாசித்தான். சபை கைதட்டியது. விருந்தினரில் ஒருவர் எழுந்து போய்த் தலையைத் தடவினார். அவன் இறங்கி வந்து தாளை என்னிடம் தந்தான். பார்த்தேன். அது நற்செய்தி இல்லை. ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், மாலை வாங்கியது என்று நான் எழுதி வைத்திருந்த செலவுக் கணக்கு.

அடுத்த நாள் அவனைத் தனியே கூப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். "அம்மா" என்ற சொல்லை வாசித்தான். "கொக்கு" என்ற சொல்லில் நின்றுவிட்டான். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் எழுத்து. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் உட்கார்ந்து காட்டவில்லை. நாலு வருடம் எங்கள் பாடசாலையில் இருந்த பிள்ளை. வரவுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஒளிவிழாப் படத்தில் முகம் இருக்கிறது.

நான் அவனைக் குறை சொல்லத் துணியவில்லை. சின்னக் குறிப்பிடத்தை ஒப்புவித்து முதல்நன்மை எடுத்தவள் நான். கேள்வி எண்ணைச் சொன்னால் பதில் தானாக வாயில் வரும். பொருள் பல வருடம் கழித்துத்தான் வந்தது. அவன் செய்ததும் அதுதான். எனக்கு வாசிக்கவும் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை, இவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பிறகு எல்லாத் தரங்களிலும் பிள்ளைகளை ஒவ்வொருவராக இருத்தி வாசிக்கவிட்டோம். கிடைத்த விடை நல்லதாக இல்லை. எண்ணிக்கை சொல்லி என் பாடசாலையை இந்த மேடையில் வெட்கப்படுத்த மாட்டேன். காரணத்தை மட்டும் சொல்கிறேன். இன்று ஐந்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பத்து வயது. அதன் தாய்க்கு முப்பது என்று வையுங்கோ. 2009 தை மாதத்தில் விசுவமடுவை விட்டு உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று நடந்தபோது அந்தத் தாய்க்குப் பதின்மூன்று, பதினாலு. அதன்பிறகு செட்டிகுளத்து முகாம். கொட்டிலுக்குள் வகுப்பு நடந்ததுதான், படித்து முன்னேறியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலபேருக்குக் கொப்பி மூடினது மூடினதுதான். அந்தப் பெண்ணிடம் "வீட்டில் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுங்கோ" என்று நாங்கள் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். கச்சான் பிடுங்கும் காலத்தில் அவள் விடிய ஆறு மணிக்குத் தோட்டத்தில் நிற்கவேண்டும் என்பது வேறு.

பாடசாலைப் பக்கத்திலும் பிழை உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேலே என்பதுதான் ஊரின் கேள்வி. ஆகவே வரக்கூடிய ஐந்தாறு பேரைப் பிடித்துக்கொண்டு பயிற்சி வினாத்தாளாகச் செய்விக்கிறோம். பின்வாங்கில் இருப்பவன் சத்தம் போடாவிட்டால் போதும் என்று நினைக்கிறோம்.

வருகிற வருடத் திட்டம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

தை மாதம் முதலாந் தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் வருகிறது, அதற்கான பயிற்சிகள் நடக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். எங்கள் சொந்த ஏற்பாடு காலைச் செபமும் தேவாரமும் முடிந்த பிறகான முதல் அரை மணித்தியாலம். அந்த நேரத்தில் தரம் என்ற பிரிவு இல்லை. எழுத்தில் நிற்பவர்கள் ஒரு வட்டம், சொல்லில் நிற்பவர்கள் ஒரு வட்டம், பந்தி வாசிப்பவர்கள் ஒரு வட்டம், கதை வாசிப்பவர்கள் ஒரு வட்டம். இது எங்கள் கண்டுபிடிப்பில்லை. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு இப்படி வயதைப் பாராமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்து நல்ல பலன் கண்டிருக்கிறது. முறை எளிது. ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். நாங்கள் இருக்கும் ஆசிரியர்கள் அதற்குப் போதாது. இதை நினைவில் வைத்திருங்கோ, திரும்பி வருவேன்.

மாசி 18 விபூதிப் புதன். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபிறகு சிலுவைப்பாதை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. முன்பு பெரியவர்கள் புத்தகத்தைப் பார்த்து வாசிப்போம், பிள்ளைகள் முழங்காலில் நின்று நித்திரை தூங்குவார்கள். இந்தமுறை ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வரி, பிள்ளைகளே எழுதி அவர்களே வாசிப்பது. வெரோணிக்கா முகம் துடைக்கும் நிலைக்கு ஒரு பிள்ளை இப்போதே கொப்பியில் எழுதிக் காட்டிவிட்டாள். துவாயைப் பற்றித்தான் கூடுதலாக எழுதியிருக்கிறாள், என்ன நிறம், எங்கே வாங்கியது என்றெல்லாம். திருத்தவில்லை.

பிடியரிசியும் அந்த நாட்களில்தான். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்து, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து பெட்டியில் போடுவது. உயிர்த்த ஞாயிறு 2026இல் சித்திரை 5ஆம் திகதி வருகிறது. அதற்கு முந்திய வாரம் ஊரில் தனித்திருக்கும் வயோதிபர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். போன தடவை சைவப்பிள்ளைகள் சிலரும் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். எங்கள் பங்கில் ஒருவர், "அவர்களிடமும் வாங்குகிறீர்களோ" என்று கேட்டார். அதிபர்தான் பதில் சொன்னார்: "அரிசிக்குச் சமயம் இல்லை, போடட்டும்." பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்பது என்று மட்டும் முடிவெடுத்தோம். எங்கள் பிள்ளைகள் வாணி விழாவுக்குப் பூக்கட்டுவதும் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டாந் தவணையில் மாணவர் சந்தை. கீரை, தேசிக்காய், கச்சான், முருங்கைக்காய் எல்லாம் கொண்டுவந்து விற்பார்கள். கணிதம், சுற்றாடல் இரண்டும் அதில் படிக்கலாம். விலைப்பலகையைப் பிள்ளையே எழுதவேண்டும் என்பது இந்த வருடப் புது விதி. தாய் எழுதித் தந்த பலகை ஏற்கப்படாது.

ஞாயிறு வகுப்புப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளி மாலையிலும் ஞாயிறு காலையிலும் சின்னப் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு வேண்டாம் என்று வடக்கில் சைவ, கிறிஸ்தவ சமயத் தலைவர்கள் பலதரம் கேட்டிருக்கிறார்கள். யாழ் மாவட்டத்தில் தீர்மானமும் எடுத்தார்கள். எங்கள் ஊரில் தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. வகுப்பு நடத்தும் தம்பி என்னிடம் படித்தவர். அவரிடம் போய்ப் பேசினேன். ஞாயிறு பத்தரை மணிக்குப் பிறகு தொடங்கச் சம்மதித்திருக்கிறார். "ரீச்சர், பரீட்சையையே ஞாயிற்றுக்கிழமைதானே வைக்கிறாங்கள்" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வருடமும் ஆவணி 10, ஞாயிறுதான்.

பரீட்சை முடிந்த பிறகு மடுவுக்குப் போவோம். ஆவணித் திருவிழாச் சன நெரிசலில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோக மாட்டேன். திகதி அறிவித்தபின் வசதியான நாள் பார்க்கலாம். விரும்பும் எல்லாப் பிள்ளைகளும் வரலாம், தாய்மாரும் வரலாம். போகுமுன் வகுப்பில் மடுமாதாவின் கதையைச் சொல்வோம். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சுருபத்தை எடுத்துக்கொண்டு மக்கள் காட்டுக்குள் போனது. பிறகு 2008 சித்திரையில் போர் நெருங்கியபோது அதே சுருபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆவணியில் திரும்பி வந்தது. போன வருடம் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அப்ப மாதாவும் இடம்பெயர்ந்தவவோ ரீச்சர்?" என்று கேட்டாள். பின்னால் இருந்த தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று பின்னேரம் இரண்டுபேர் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள் நடந்த வழியை முதல்தரம் சொல்லியிருக்கிறார்கள். இதை வைத்து "அம்மா நடந்த வழி" என்று படம் கீறும் போட்டி வைக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். சொல்ல விரும்புகிற தாய் சொல்லட்டும். அதற்குப் பரிசும் புள்ளியும் போட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாந் தவணையில் ஒக்ரோபர். அது அரசாங்கத்துக்கு வாசிப்பு மாதம், எங்களுக்குச் செபமாலை மாதம். இரண்டையும் ஒன்றாக்கப் போகிறோம். மாலையில் வீடு வீடாகச் செபமாலை போகும்போது, செபம் முடிந்தபின் அந்த வீட்டுப் பிள்ளை ஒரு சின்னக் கதையை எல்லோருக்கும் வாசித்துக்காட்ட வேண்டும். நாலு வரியென்றாலும் போதும். இந்த மாதம் மூன்று வீடுகளில் செய்து பார்த்தோம். மூன்றாவது வீட்டில் பிள்ளை தடக்குப்பட்ட இடத்தில் தாய் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தா. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியும் என்று பிள்ளைக்கே அன்றுதான் தெரியும்.

முதல்நன்மைக்கு இந்தமுறை நாலு பிள்ளைகள். இறைவாக்கைத் தாங்களே வாசித்தபிறகுதான் வெள்ளை உடுப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, நன்மை வாசிப்புப் பரீட்சைக்குப் பரிசு அல்ல. ஆனால் நாலு பேரையும் அதுவரை வாசிக்கவைப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பிரேரணைக்கு வருகிறேன். பாடசாலை வளவில் மாதாவுக்கு ஒரு கெபி கட்டி, சங்கத்தின் பெயரை நூற்றாண்டுக் கல்லில் பொறிப்பது என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். அதை முன்மொழிந்த அக்காவின் பக்தியை நான் அறிவேன். நான் சின்னவளாக விடுதியில் அழுதுகொண்டிருந்தபோது என்னைக் கெபிக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தியவர் அவர். அதனால் இதைச் சொல்வது எனக்கு இலகு இல்லை. அக்கா, கெபி இப்போது வேண்டாம். அது அரசாங்கப் பாடசாலை, வளவுக்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். பிள்ளைகளில் பெரும்பகுதி சைவப்பிள்ளைகள் என்பது இன்னொன்று. பெரிய காரணம், மாதாவுக்கு வேப்பமரம் போதும், கொம்பும் காலும் சேராத பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டும்.

ஆள் என்றால் யார்? கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு தவணையில் ஒரு கிழமை வந்து தங்குங்கோ. ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு அறை தருகிறார்கள். காலை அரை மணித்தியாலம் ஒரு வட்டத்தோடு உட்கார வேண்டும், மிச்ச நேரம் உங்களுடையது. குளக்கரையில் காற்று நன்றாக வரும். ஊரில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இரண்டுபேருக்கு மாதாந்தம் ஒரு சிறு கொடுப்பனவு கொடுத்தால் மற்றக் கிழமைகளில் அவர்கள் வட்டத்தைப் பார்ப்பார்கள். பணத்தை அதற்குத் தாருங்கோ. பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ்க் கதைப்புத்தகங்கள் தாருங்கோ, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. அலுமாரிக்குப் பூட்டு வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கை, கிழமைக்கு ஒருநாள் வீடியோவில் பிள்ளைகளோடு வாசிக்கிறேன் என்று எழுதியிருந்தா. மெத்த நன்றி. எங்கள் வகுப்பறைக்குள் சிக்னல் இல்லை, குளக்கட்டில் ஏறினால் இருக்கிறது. வெயில் தாழ்ந்தபிறகு கட்டில் இருந்து முயற்சி செய்வோம், உங்கள் பக்கம் விடியப்புறமாக இருக்கும், பாருங்கோ. பெயர் அச்சடித்த புத்தகப்பைகளை மட்டும் தயவுசெய்து அனுப்பாதேங்கோ. ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று பை இருக்கிறது.

அந்தப் பையனை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். இடைவேளையில் ஒரு வருடம் என்னோடு இருந்தான். முதலில் வாசித்தது என் செலவுக் கணக்கைத்தான், அவன்தான் அதைக் கேட்டான். "பந்தல்" வரை தானாக வாசித்தான். "ஒலிபெருக்கி"யில் உதவி செய்தேன். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு வெகு கீழே. இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், சில ஞாயிறுகளில் முதலாம் வாசகம் அவனுடையது. எனக்கு இன்னும் பயம்தான். கையில் என்ன தாள் என்று எட்டிப் பார்ப்பேன்.

வருகிற வருடத்து ஒளிவிழா மார்கழி 3, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. பிரதம விருந்தினர் இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பழக்கம் பாடசாலை விட்டபிறகு மட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது வாசிக்கும், அதனால் கொஞ்சம் நீளும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் விடிய வெளிக்கிட்டுப் பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுக்க வேண்டும். கதிரை ஆசிரியர்களுக்கும் முதியவர்களுக்கும்தான் காணும், மற்றவர்கள் பாயில் இருக்கவேண்டி வரும். வட்டத்தில் உட்காரப் பெயர் தருபவர்களுக்காக ஒரு கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.